இரண்டு கடிதங்களும் ஒரு தோள்பட்டையும்

ஆர்மண்ட் திபோடோவின் வலது தோள்பட்டைத் தசைநார், ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, அவருடைய சொந்த வீட்டு வாசலிலேயே அறுந்தது. பனி அள்ளும் இயந்திரம் கிளம்ப மறுத்தது. கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தார். இயந்திரம் அப்போதும் கிளம்பவில்லை. தோள் கிளம்பிவிட்டது.

ஆர்மண்டுக்கு வயது ஐம்பத்தாறு. ஊருக்கு வெளியே இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதன் பிறகு பன்னிரண்டு வாரம் அந்தக் கையை ஒரு விருந்தாளி போல வைத்துக்கொள்ள வேண்டும், வேலை எதுவும் சொல்லக் கூடாது என்றார். மீறினால் அது கடைசி வரைக்கும் விருந்தாளியாகவே தங்கிவிடுமாம்.

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் கலங்கியிருப்பான். ஆர்மண்ட் கலங்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரு பாதுகாப்பு அல்ல, இரண்டு. நோயில் படுத்தவருக்கும், படுத்தவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் சம்பளத்தோடு விடுப்பு என்று மாநில அரசு சட்டம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதற்காக வாராவாரம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கும் முன்பே, பைன்கோன் பரஸ்பரக் காப்பீடு என்ற தனியார் நிறுவனத்தில், உடம்பு முடியாமல் வேலை நின்றால் பணம் தரும் இயலாமைக் காப்பீடு எடுத்து, பத்தொன்பது வருஷமாகக் கட்டி வருகிறார். நடுவில் ஒரு நாள் தலைவலிகூட வராததால், பைன்கோன்காரர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு வாழ்த்து அட்டை அனுப்பி வந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் பணம் வருமா? கொடுத்து வச்சவன்யா நீ!" என்று கிடங்கு நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். ஒருவர் தன் தோளையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கிடங்கில் பெய்ஜ் என்ற பெண் இருந்தாள். முன்பெல்லாம் அவளை ஆள் எடுப்பு அதிகாரி என்பார்கள். அந்தப் பதவி வழக்கொழிந்து, இப்போது அவள் மகிழ்ச்சி மேலாளர்.

"ஆர்மண்ட், முதல்ல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அடிபட்டது வேலை செய்யற இடத்துலயா?"

"இல்லம்மா. வீட்டு வாசல்ல."

"அப்பாடா!" என்றாள் பெய்ஜ். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஐயோ பாவம்!" என்றாள். "கவலையே படாதீங்க. விடுப்புன்னு இப்ப நாங்க சொல்றதே இல்ல. மீட்சிப் பயணம்னு சொல்றோம். உங்க பயணத்துக்கு எங்க முழு ஆதரவும் உண்டு."

முழு ஆதரவு அன்று மாலையே அவருடைய கைபேசியில் ஒரு செயலியாக வந்து இறங்கியது. முதல் பயிற்சி: இரண்டு கைகளையும் வானை நோக்கி உயர்த்திப் பிரபஞ்சத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆர்மண்ட் ஒரு கையால் பாதி நன்றி சொன்னார். இன்று எப்படி உணர்கிறீர்கள் என்று அது தினம் மூன்று வேளை கேட்டது. அழுகிற முகத்தை அழுத்தினால், "அருமை! பகிர்ந்துகொண்டதற்கு நன்றி!" என்றது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அது ஒன்றுதான் இந்தக் கதையில் நல்லபடியாக முடிந்த காரியம் என்பதால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பைன்கோனின் அலுவலகம் தொலைவில், நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒமாஹா நகரில். தொலைபேசியில் கெண்டல் என்ற இளைஞன் எடுத்தான். தேன் ஒழுகும் குரல்.

"உங்க வலியை நான் காது குடுத்துக் கேக்கறேன், மிஸ்டர் திபோடோ. உங்க சம்பளத்துல அறுபது சதவீதம் நாங்க தருவோம். அதுல, மாநில அரசு உங்களுக்கு என்ன தருதோ அதைக் கழிச்சுட்டு மிச்சத்தைத் தருவோம்."

"சரி, கழிச்சுக்கோங்க."

"கழிக்கணும்னா எவ்வளவுன்னு தெரியணும் இல்லீங்களா? மாநிலத்தோட முடிவுக் கடிதத்தை அனுப்புங்க. அன்னிக்கே பணம்."

நியாயமாகத்தான் இருந்தது. மனைவி கோனி காரை ஓட்ட, ஆர்மண்ட் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு மாநில விடுப்பு அலுவலகத்துக்குப் போனார். ஆற்றங்கரையில், மூடிப்போன காகித ஆலையின் இரண்டாவது மாடியில் அது இயங்கி வந்தது. மின்தூக்கி பழுது.

உள்ளே ஒரு நீளமான மேஜை. அதில் இரண்டு கவுண்ட்டர்கள். ஒன்றாம் கவுண்ட்டர் குடும்ப விடுப்பு. இரண்டாம் கவுண்ட்டர் மருத்துவ விடுப்பு. இரண்டுக்கும் தனித்தனி நாற்காலி, தனித்தனி முத்திரை, தனித்தனிப் பேனா. அதிகாரி மட்டும் ஒருவர்தான். ஹோரஸ் டிங்லி என்று பெயர். இரண்டாம் கவுண்ட்டருக்கு ஆள் வந்தால், ஒன்றாம் நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டாம் நாற்காலியில் போய் உட்காருவார். உட்கார்ந்ததும் முகமே மாறிவிடும்.

"விண்ணப்பம் பூரணமாக இருக்கு," என்றார் டிங்லி, இரண்டாம் நாற்காலியிலிருந்து. "பைன்கோன் கடிதம் மட்டும் இல்லை."

"அவங்க உங்க கடிதத்தைக் கேக்கறாங்க."

"கேக்கட்டும், அது அவங்க உரிமை. ஆனா அவங்க எவ்வளவு தர்றாங்கன்னு தெரியாம நாங்க எப்படித் தர்றது? ரெண்டும் சேர்ந்து உங்க முழுச் சம்பளத்தைத் தாண்டிட்டா? நோயால ஒருத்தர் பணக்காரர் ஆயிடக் கூடாது பாருங்க."

"நீங்க ஒரு கடிதம் குடுங்க, அதைக் காட்டி அவங்க கடிதத்தை வாங்கிட்டு வந்துடறேன்."

"அவங்க கடிதம் வந்ததும் கண்டிப்பா குடுத்துடறோம்," என்று டிங்லி உறுதியளித்தார்.

ஆர்மண்ட் வீட்டுக்கு வந்து கெண்டலைக் கூப்பிட்டார். கெண்டல் அவர் வலியை மறுபடி கேட்டான். மாநிலக் கடிதத்தையும் மறுபடி கேட்டான். மூன்று வாரம் இப்படியே போயிற்று. இரண்டு பக்கமும் படிவங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் இடது கையால் நிரப்பினார். முதலில் கோழி கிளறியது போல இருந்த எழுத்து, போகப்போகக் குண்டுகுண்டாகத் திரண்டு வந்தது. பைன்கோன் இதைக் கவனிக்கத் தவறவில்லை. "விண்ணப்பதாரரின் இடது கை நாளுக்கு நாள் குறிப்பிடத்தக்க திறன் பெற்று வருவது மகிழ்ச்சியுடன் பதிவு செய்யப்படுகிறது" என்று எழுதி, இன்னும் ஆறு படிவங்கள் அனுப்பியது.

ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானோடு கால் மணி நேரம் போராடிவிட்டு, ஆர்மண்ட் சட்டையை உருவிச் சுவரில் எறிந்தார்.

"திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். ஒரு கையால ஓட்டுவேன்."

கோனி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். தினம் முந்நூறு பிள்ளைகளை அடக்குகிறவள். சட்டையை எடுத்து உதறினாள்.

"போ, போய் இன்னொரு தோளையும் அறுத்துட்டு வா. அப்பறம் நான் உனக்கு மூக்கையும் சிந்தி விடறேன். கையை நீட்டுடா கிழவா."

பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டே வந்தவள், கடைசிப் பொத்தானில் நிறுத்தினாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கோனி அதைப் பார்க்காதது போல, "நான் குடும்ப விடுப்புக்குப் போடப்போறேன்," என்றாள். "பள்ளிக்கூடத்துல எவ்வளவு நாள்தான் அனுமதி கேட்டுக்கிட்டு இருக்கறது? உன்னைப் பாத்துக்கறதுக்கும் அதே சட்டத்துல சம்பளம் உண்டாம்."

அவள் ஒன்றாம் கவுண்ட்டரில் விண்ணப்பம் கொடுத்தாள். நான்கே நாளில் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. அரசின் தங்க முத்திரையோடு, கெட்டியான தாளில், இப்படி எழுதியிருந்தது: "மேற்படி ஆர்மண்ட் திபோடோ கடும் உடல்நலக் குறைவுக்கு ஆளாகி, பிறர் துணையின்றித் தமது சட்டைக்குப் பொத்தான் இடவோ, காலணிக்கு முடிச்சிடவோ, தட்டிலுள்ள இறைச்சியை வெட்டவோ இயலாத பரிதாப நிலையில் உள்ளார் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது."

ஆர்மண்ட் அதை மூன்று முறை படித்தார். தன்னைப் பற்றி அரசு இவ்வளவு கனிவோடு எழுதும் என்று அவர் நினைத்ததே இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். டிங்லி ஒன்றாம் நாற்காலியில் இருந்தார்.

"நான் ரெண்டாம் கவுண்ட்டருக்கு வந்திருக்கேன்."

டிங்லி எழுந்து, பட்டையைச் சரிசெய்துகொண்டு, இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"இந்தக் கடிதத்தைப் பாருங்க. எனக்கு உடம்பு சரியில்லைன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டாச்சு."

டிங்லி கடிதத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "இது ஒன்றாம் கவுண்ட்டரோட கருத்து. அதுல நாங்க தலையிடறதில்லை."

"கையெழுத்து உங்களோடது!"

"அந்த நாற்காலியில போட்டது."

"அப்ப எனக்கு உடம்பு சரியில்லையா, இருக்கா?"

"உங்க மனைவி உங்களைப் பாத்துக்கற அளவுக்குச் சரியில்லை. நீங்க படுத்துக்கற அளவுக்குச் சரியில்லையான்னு இன்னும் முடிவாகலை." டிங்லி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பணம் வரலையேன்னு பாதியில வேலைக்குப் போயிடாதீங்க. நீங்க வேலைக்குப் போனா, உங்களைப் பாத்துக்கறேன்னு விடுப்பு எடுத்த உங்க மனைவி மேல நான் நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். அந்த நாற்காலியில இருக்கறவர் ரொம்பக் கண்டிப்பானவர்."

ஆக, சட்டப்படி கோனி சம்பளம் வாங்கிக்கொண்டு, நோயாளி என்று நிரூபிக்கப்படாத ஒருவருக்கு இறைச்சி வெட்டிக் கொடுத்து வந்தாள்.

ஏழாவது வாரம் பைன்கோனிலிருந்து ஒரு காசோலை வந்தது. இருபத்தைந்து டாலர். மாநிலக் கடிதம் வரத் தாமதமாவதால், மாநிலம் எவ்வளவு தருமோ அதை அவர்களே உத்தேசமாகக் கணக்கிட்டுக் கழித்துவிட்டார்களாம். கழித்ததில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தப்படி குறைந்தபட்சம் இருபத்தைந்து தந்தே தீர வேண்டும் என்பதால் தந்திருக்கிறார்கள்.

"கெண்டல், மாநிலம் எனக்கு ஒரு காசும் தரலையே! தராத காசை எப்படிக் கழிச்சீங்க?"

"உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா தர வாய்ப்பு இருக்கில்ல? வாய்ப்பைத்தான் கழிச்சோம்."

அந்தக் காசோலையோடு வந்த கடிதமும் கடிதம்தானே என்று ஆர்மண்ட் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கவுண்ட்டருக்கு ஓடினார். டிங்லி அதைப் படித்து வருத்தத்தோடு தலையாட்டினார். மாநிலம் பணம் தருகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. மாநிலம் தரவில்லை. ஆகவே இது தவறான தகவல் கொண்ட கடிதம். தவறான கடிதத்தின் பேரில் அரசு எப்படிப் பணம் தரும்?

ஆர்மண்ட் அன்று படி இறங்கவில்லை. மேஜை முன்னால் நின்றபடியே கைபேசியில் கெண்டலைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, டிங்லியின் மூக்குக்கு நேரே வைத்தார்.

"பேசுங்க. ரெண்டு பேரும் பேசுங்க. ஏழு வாரமா நான்தான் பேசறேன்."

இரண்டு தரப்பும் அதுவரை பேசியதே இல்லை. முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். பிறகு, "நீங்களும் கடிதத்துக்காகவா காத்திருக்கீங்க?" என்றார் டிங்லி. "ஆமாங்க! நீங்களுமா?" என்றான் கெண்டல். பத்தே நிமிஷத்தில் பல வருஷம் பிரிந்திருந்த உறவுக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். ஒருவர் நடைமுறையை மற்றவர் புகழ்ந்தார். யார் கடிதம் முதலில் என்ற கேள்வி வந்ததும்தான் பேச்சு நின்றது.

"முதல்ல குடுத்தா, ஆதாரம் இல்லாம குடுத்ததா ஆயிடும்," என்றார் டிங்லி.

"எங்களுக்கும் அதேதான்," என்றான் கெண்டல்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குடுங்களேன்!" என்று கத்தினார் ஆர்மண்ட்.

பிறகு டிங்லி மெதுவாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஒமாஹாவிலும் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. ஒருவருக்கும் அது தோன்றாததால் யாரும் தடுத்திருக்கவில்லை.

கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் முகூர்த்தத்தில் மாலை மாற்றிக்கொள்வது போல, மறுநாள் சரியாகப் பதினொரு மணிக்கு இரு தரப்பும் ஃபேக்ஸில் கடிதம் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பதினொன்று அடித்ததும் டிங்லி பொத்தானை அழுத்தினார். எதிரிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிஷம் வியர்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஆதாரமின்றி அனுப்பிய குற்றத்துக்குப் பயந்து, கடிதத்தை வாபஸ் பெறுவதாக இன்னொரு கடிதம் அனுப்பினார். ஒமாஹாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அங்கே பதினொன்று அடித்து கெண்டல் கடிதம் அனுப்பியபோது, அதற்கு ஆதாரமான கடிதம் உயிரோடு இல்லை. அவனும் வாபஸ் பெற்றான்.

அதற்கடுத்த நாள் ஆர்மண்ட் யாரையும் நம்பவில்லை. தாமே நடுவில் நின்று, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, "மூணு... ரெண்டு... ஒண்ணு... அமுத்துங்க!" என்றார். இரண்டு இயந்திரங்களும் ஒன்றாக முனகின. இரண்டு கடிதங்களும் நடுவானில் ஒன்றையொன்று கடந்து போயின. இரண்டிலும் ஒரே வாசகம்: "தங்களது இன்றைய தேதியிட்ட கடிதத்தை ஆழ்ந்து பரிசீலித்ததன் பேரில்..."

பணம் வந்தது. தோளும் தேறியது. ஏப்ரல் மாதம் ஆர்மண்ட் ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறி உட்கார்ந்தபோது கிடங்கே கைதட்டியது. செயலி, "அருமை!" என்றது.

விஷயம் ஊரில் பரவிவிட்டது. முதுகு வலிக்காரர்கள் வந்தார்கள். பிரசவத்துக்குக் காத்திருந்தவர்கள் வந்தார்கள். ஆற்றுப்பால டோனட் கடையில், சனிக்கிழமைதோறும் ஜன்னலோர மேஜையில் ஆர்மண்ட் உட்கார, எதிரே வரிசை நின்றது. எந்தப் படிவத்தை எப்போது கொடுப்பது, ஒமாஹா நேரம் எப்படிப் பார்ப்பது, கெண்டல் வலியைக் கேட்கும்போது எத்தனை வினாடி சும்மா இருப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். எண்ணும்போது குரல் நடுங்காமலிருக்கத் தனிப் பயிற்சியும் தந்தார். ஊரார் ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்தார்கள், மேப்பிள் பாகு கொண்டுவந்தார்கள். பதினாறு வருஷமாக அவரைத் திரும்பிப் பார்க்காத வங்கி மேலாளர், இடுப்பு வலி வந்ததும், "மிஸ்டர் திபோடோ" என்று எழுந்து நின்றார். கடைக்காரர் டோனட்டை இருமடங்கு சுட்டார். பெய்ஜ், "கடிதப் பயணத்தில் மன அமைதி" என்று ஒரு பயிலரங்கு நடத்திப் பதவி உயர்வு பெற்றாள். ஆர்மண்ட் நடையே மாறிவிட்டது. சட்டைப் பையில் ஒரு சின்ன நாட்குறிப்பு குடியேறியது.

"நீ கொஞ்சம் டிங்லி மாதிரி பேசற," என்றாள் கோனி ஒரு நாள்.

"பொறாமை," என்றார் ஆர்மண்ட்.

அக்டோபரில் தலைநகரிலிருந்து விடுப்புத் துறை அதிகாரியான ஓர் அம்மாள் வந்தார். மாதா கோவில் கூடத்தில், ஊர் வழக்கப்படி நடக்கும் பீன்ஸ் விருந்து முடிந்ததும், மக்கள் கருத்துக் கேட்பு. அந்த அம்மாள் எழுந்து, பலர் கஷ்டப்படுவது அரசின் காதுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். இனிமேல் ஒரே படிவம், ஒரே கவுண்ட்டர். மாநிலம் முதலில் பணம் கொடுத்துவிடும். காப்பீட்டு நிறுவனம் அதைத் தானே கணினியில் பார்த்துக்கொள்ளும். யாரும் கடிதம் சுமக்க வேண்டாம். ஊர் சம்மதித்தால் முதலில் இங்கேயே தொடங்கலாம்.

கூடம் ஆர்மண்டைத் திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்தார்.

"ஏழு வாரம் அந்தப் படியை நான் ஏறி இறங்கியிருக்கேன், அம்மா. யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலை. இன்னிக்கு இந்த ஊர்ல நாப்பது பேருக்கு அந்த வழி தெரியும்னா, அது ரத்தம் சிந்திச் சேத்த அறிவு. இப்ப ஒரே படிவம்னு ஆக்கிட்டா என்ன ஆகும்? ஒண்ணுமே கஷ்டப்படாதவன்கூட நோயாளி ஆயிடுவான்! நாங்க பட்டதுக்கு என்ன மதிப்பு?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. டோனட் கடைக்காரர் எழுந்து நின்று தட்டினார். அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்த வங்கி மேலாளரும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று தட்டினார். கை தூக்கச் சொன்னார்கள். இருக்கும் முறையே இருக்கட்டும் என்று எண்பத்து நான்கு பேர். மாற வேண்டும் என்று இரண்டு பேர். ஒருத்தி கோனி. இன்னொருவர், பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஹோரஸ் டிங்லி.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் டிங்லி நொண்டிக்கொண்டே ஆர்மண்டிடம் வந்தார்.

"ஒரு நிமிஷம், மிஸ்டர் திபோடோ. என் முழங்கால் போயிடுச்சு. ஒரு நாளைக்கு அறுபது தடவை அந்த நாற்காலிக்கும் இந்த நாற்காலிக்கும் மாறறேன் இல்லையா. ஆபரேஷன் பண்ணணுமாம். என் விண்ணப்பத்தை ரெண்டாம் கவுண்ட்டர்ல குடுத்தா, நானே எனக்கு அனுமதி குடுக்கறதா ஆயிடும். அது சட்டவிரோதம். பைன்கோன்ல கேட்டா மாநிலக் கடிதம் எங்கேங்கறாங்க. நானும் அவங்ககிட்டதான் காப்பீடு வச்சிருக்கேன். உங்களுக்குத்தான் வழி தெரியும்."

"சொல்லிக் குடு, ஆர்மண்ட்," என்றாள் கோனி.

ஆர்மண்ட் சட்டைப் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, பக்கங்களை நிதானமாகப் புரட்டினார்.

"அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை வாங்க. வரும்போது ரெண்டுல ஒரு கடிதமாவது கையில இருக்கணும். அது இல்லாம நான் யாரையும் பாக்கறதில்லை."

கோனி காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். டிங்லிக்கு மட்டும் கோபமே வரவில்லை. அவர் மரியாதையோடு தலையசைத்தார்.

"வாஸ்தவம்தான்," என்றார், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு. "முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா."